வீட்டிலேயே ட்ரிப்ஸ்: மருந்துக்குக் காசு உண்டு, அதை ஏற்றும் வேலைக்கு இல்லை

மெடிகேர் பற்றிப் பேசிய எபிசோடுக்குப் பிறகு வந்த மெயில்களில் ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள். அமெரிக்காவில் இருக்கிற அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உடம்பு சரியில்லை. ஆஸ்பத்திரியில் ஐ.வி. ஆன்டிபயாட்டிக் போடுகிறார்கள். ஆறு வாரம் தொடரணும், ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதில்லை என்கிறார் டாக்டர். அப்போ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் அங்கேயே போட்டுக்கலாமா என்று கேட்டால், மருத்துவ ரீதியாகத் தாராளமாகப் போடலாம், மெடிகேர் மட்டும் அதற்குச் சரியாகப் பணம் தராது, நர்சிங் ஃபெசிலிட்டிக்கு அனுப்பினால் தரும் என்று பதில் வருகிறது. இது எப்படிங்க, அதுதானே அதிகச் செலவு? இதுதான் கேள்வி.

இதைத் தோண்டப் போனால் முப்பது வருஷத்துக்கும் மேலான கதை கிடைக்கிறது. அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

முதலில் வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். நம்ம ஊரில் "ட்ரிப்ஸ் ஏத்துறது" என்று சொல்வோமே, அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் செய்யாமல் வீட்டு சோபாவில் செய்வதுதான் ஹோம் இன்ஃப்யூஷன். மேல் கையில் ஒரு நரம்பு வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் நுனி இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய நாளம் வரை போகிற மாதிரி வைப்பார்கள். பிக் லைன் என்று பெயர். வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். நோயாளிக்கோ வீட்டில் இருப்பவருக்கோ கையைக் கழுவுவதிலிருந்து மருந்தை இணைப்பது வரை சொல்லிக் கொடுத்து அனுப்புவார்கள். இது புதுசும் இல்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே நரம்பு வழியாக மருந்து கொடுத்ததைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1974-லேயே வந்துவிட்டது.

இதில் வெளியே தெரிகிற ஆள் நர்ஸ். வாரம் ஒரு தடவை வந்து கட்டு மாற்றுவார், ரத்தம் எடுப்பார், லைன் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். வெளியே தெரியாத ஆள் ஃபார்மசிஸ்ட். இவரைப் புரிந்துகொண்டால்தான் மீதிக் கதை புரியும். மருந்தைக் கிருமியே இல்லாத கிளீன் ரூமில் கலக்க வேண்டும். கெட்டுப்போகாமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வாங்கோமைசின் மாதிரி மருந்து என்றால் அது கிட்னியைப் பாதிக்கக்கூடியது. அதனால் ரத்தத்தில் அதன் அளவையும் கிரியேட்டினினையும் பார்த்து டோஸைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு "லைன் அடைச்சிருக்கு, என்ன செய்யறது?" என்று போன் வந்தால் எடுக்கவும் ஆள் வேண்டும். மென்பொருள் ஆட்களுக்குச் சொல்வதென்றால், நர்ஸ் வருவது வாராந்திர டெப்ளாய்மென்ட். ஃபார்மசி செய்வது ஆன்-கால். ஆன்-கால் இல்லாமல் சிஸ்டம் ஓடாது.

தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகள் இதை ரொம்ப நாள் முன்பே புரிந்துகொண்டன. மருந்துக்குத் தனி விலை, நர்ஸ் வந்தால் தனிக் கட்டணம், இந்த ஆன்-கால் வேலைக்கும் ஊசி, குழாய், பம்ப் எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து ஏறுகிற ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று ஒரு தினக் கட்டணம். பெர் டீம் என்பார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2010-இல் தனியார் காப்பீட்டையும் மெடிகேரையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கையே போட்டது. தனியார் முழுசாகத் தருகிறார்கள், பாரம்பரிய மெடிகேர் துண்டு துண்டாகத் தருகிறது என்பதுதான் அதன் சாரம்.

அந்தத் துண்டுகளைப் பார்ப்போம். மெடிகேர் என்பது 65 வயது தாண்டியவர்களுக்கும், ஊனம் காரணமாகத் தகுதி பெறும் சிலருக்குமான அமெரிக்க அரசுக் காப்பீடு. ஆறு கோடிப் பேருக்கு மேல் அதில் இருக்கிறார்கள். நம் ஆட்களின் பெற்றோர் இதற்குள் எப்படி வருகிறார்கள் என்றால், கிரீன் கார்டோடு ஐந்து வருடம் தொடர்ச்சியாக அங்கே வசித்து 65-ஐத் தாண்டினால், வேலை பார்த்த வரலாறு இல்லாவிட்டாலும் பிரீமியம் கட்டிச் சேரலாம்.

பார்ட் ஏ ஆஸ்பத்திரிக்கு. மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருந்தால், அதன்பின் நர்சிங் ஃபெசிலிட்டியில் 100 நாள் வரைக்கும் இதுவே பார்க்கும். பார்ட் பி டாக்டர், கிளினிக், வீட்டில் வைக்கும் உபகரணங்கள். பார்ட் டி மருந்துக் கடை மருந்துகள். 2003-இல் சட்டமாகி 2006-இல் நடைமுறைக்கு வந்தது. பார்ட் சி என்பது இதையெல்லாம் தனியார் கம்பெனி மூலமாக எடுத்துக்கொள்வது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது ஆறு வார வாங்கோமைசினை உள்ளே அனுப்பிப் பாருங்கள். நாளுக்கு இரண்டு முறை என்றால் 84 டோஸ். பார்ட் டி மருந்தை ஏற்றுக்கொள்கிறது, மருந்தை மட்டும். குழாய், ஊசி, பம்ப், நர்ஸ், ஃபார்மசிஸ்டின் மேற்பார்வை எதுவும் பார்ட் டி-யின் கணக்கில் வராது. நர்ஸை ஹோம் ஹெல்த் என்கிற இன்னொரு பலனில் பெறலாம், ஆனால் அதற்கு நோயாளி வீட்டை விட்டு எளிதில் வெளியே போக முடியாத நிலையில் இருக்க வேண்டும். காலில் எலும்புத் தொற்று, ஆனால் ஊன்றுகோலோடு கடைக்குப் போய் வருகிறார் என்றால் அவ்வளவுதான்.

பார்ட் பி? அங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி வருகிறது. பிடித்தது என்றால், ஒரு நல்ல பக்கைப் பார்க்கிற மாதிரி பிடித்தது. வீட்டில் ஏற்றும் மருந்துக்குப் பார்ட் பி பணம் தர வேண்டுமென்றால், அது "நீடித்து உழைக்கும் மருத்துவ உபகரணம்" ஒன்றின் வழியாக ஏற வேண்டும். சக்கர நாற்காலி, ஆக்ஸிஜன் மெஷின் இதெல்லாம் இருக்கிற பட்டியல் அது. அதாவது சட்டத்தின் கண்ணில் மூலப் பொருள் பம்ப். மருந்து அந்த பம்புக்குள் ஊற்றும் ஒரு துணைப் பொருள். காருக்குக் கடன் கொடுத்துவிட்டு, பெட்ரோலையும் அதன் உதிரிப் பாகம் என்று கணக்கில் சேர்க்கிற மாதிரி.

சரி, வாங்கோமைசினுக்கு பம்ப் வாங்கிக்கொள்ளலாமே? முடியாது. 1996 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கும் நாடு தழுவிய விதி ஒன்று வாங்கோமைசினைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. அதற்குச் சொல்லும் காரணம்: இந்த மருந்துக்கு அப்படிப்பட்ட பம்ப் தேவை என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பலூன் பம்ப் அல்லது பாட்டிலைத் தொங்கவிட்டு ஏற்றுவதே போதும். மருத்துவ ரீதியாக நியாயமான வாதம்தான். அப்போ பலூன் பம்புக்காவது பணம் தருவீர்களா? தர மாட்டோம், அது தூக்கிப் போடுகிற பொருள், நீடித்து உழைக்கும் உபகரணம் இல்லை.

புரியுதா? மலிவானது போதும் என்பதால் விலை கூடியதற்குப் பணம் இல்லை. மலிவானது மலிவானதாக இருப்பதால் அதற்கும் பணம் இல்லை. இரண்டு விதிகளையும் தனித்தனியாகப் படித்தால் இரண்டும் சரி. சேர்த்து ஓட்டினால் டெட்லாக்.

இந்தச் சிக்கலில் மாட்டியவர் எங்கே போவார்? ஒன்று, கிளினிக்குக்கு நடையாய் நடக்க வேண்டும். அங்கே ஏற்றினால் பார்ட் பி தரும். ஆனால் நாளுக்கு இரண்டு தடவை 42 நாள் யாரால் முடியும்? சில சமயம் டாக்டர்கள் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போட்டால் போதும் என்கிற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். அப்போது மருந்தைத் தேர்வு செய்வதில் கிருமிக்குப் பங்கு இருக்கிற மாதிரியே இன்சூரன்ஸுக்கும் பங்கு வந்துவிடுகிறது. இன்னொரு வழி நர்சிங் ஃபெசிலிட்டி. நடமாடிக்கொண்டிருக்கும் மனிதர், சொட்டு மருந்துக்காக மட்டும் அங்கே ஒரு கட்டிலில் ஆறு வாரம். முதல் 20 நாள் மெடிகேர் முழுசாகக் கட்டும். 21-ஆம் நாளிலிருந்து, 2025 கணக்கில், நாளொன்றுக்கு 209.50 டாலர் நோயாளியின் பங்கு. 42 நாளுக்குக் கணக்குப் போட்டால் 22 நாள், 4,609 டாலர். துணைக் காப்பீடு இருந்தால் தப்பிக்கலாம். அரசாங்கம் கட்டுகிற பங்கு இதைவிடப் பெரியது என்பதை மறக்க வேண்டாம்.

இதை யாருமே யோசிக்கவில்லையா என்றால், யோசித்தார்கள், சட்டமே போட்டார்கள். 1988-இல் ரீகன் கையெழுத்திட்ட மெடிகேர் கேட்டாஸ்ட்ரஃபிக் கவரேஜ் ஆக்ட் என்ற சட்டத்தில், 1990-லிருந்து வீட்டில் ஏற்றும் ஐ.வி. மருந்துகளுக்குக் காப்பீடு இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் மொத்தச் செலவையும் முதியவர்களே ஏற்க வேண்டும் என்று வைத்தார்கள்; வருமானம் கூடியவர்களுக்கு 1989-இல் தலைக்கு 800 டாலர் வரை கூடுதல் பிரீமியம். ஏற்கெனவே பழைய கம்பெனி மூலம் காப்பீடு வைத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். 1989 ஆகஸ்டில் சிகாகோவில் நாடாளுமன்ற உறுப்பினர் டான் ரோஸ்டென்கோவ்ஸ்கியின் காரை முதியவர்கள் மறித்து, துரத்திய காட்சி டிவியில் ஓடியது. அந்த வருடம் டிசம்பர் 13 அன்று சட்டமே ரத்து. ஐ.வி. பகுதிமேல் யாருக்கும் கோபம் இல்லை, ஆனால் மொத்த மூட்டையையும் தூக்கி எறிந்தபோது அதுவும் சேர்ந்து போனது.

அடுத்த முயற்சி நடந்தது சரியாக 27 வருடம் கழித்து, அதே டிசம்பர் 13-இல். 2016-இல் ஒபாமா கையெழுத்திட்ட 21-ஆம் நூற்றாண்டு க்யூர்ஸ் சட்டம். (தேதி ஒத்துப்போனது தற்செயல்தான், ஆனால் கவனித்தபோது சிரித்துவிட்டேன்.)

அதுவரைக்கும் பம்பில் ஏறும் மருந்துகள் எப்படி ஓடிக்கொண்டிருந்தன என்பது சுவாரஸ்யமானது. மில்ரினோன் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதயம் மிகவும் பலவீனமானவர்களுக்கு, சிலருக்கு இதய மாற்று அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும்போது, 24 மணி நேரமும் பம்பில் ஓடிக்கொண்டே இருக்கும். இது பார்ட் பி பட்டியலில் உண்டு. இதற்கு மெடிகேர் கொடுத்த விலை 2003-இன் பட்டியல் விலையில் 95 சதவீதம். சந்தையில் உண்மையான விலை அதைவிட எவ்வளவோ கீழே போயிருந்தது. ஃபார்மசிஸ்டின் வேலைக்குத் தனியாகக் காசு இல்லாததால், மருந்தில் கிடைத்த இந்த உபரியில்தான் அந்த வேலை நடந்தது. ஹோட்டலில் இட்லிக்கு அதிக விலை வைத்து, சாம்பாரும் சட்னியும் இலவசம் என்பது போல.

அரசாங்கத்தின் சொந்தக் கண்காணிப்பு அலுவலகமே இதை ஊதாரித்தனம் என்று சொன்னது, அதில் தப்பில்லை. க்யூர்ஸ் சட்டம் இட்லி விலையைச் சந்தை சராசரியோடு 6 சதவீதம் என்று குறைத்தது. பதிலுக்கு, சாம்பாருக்குத் தனி விலை தருகிறேன் என்று வீட்டு இன்ஃப்யூஷன் சேவைக்கென்றே ஒரு புதுப் பலனை உருவாக்கியது. நல்ல ஒப்பந்தம்தானே? விலைக் குறைப்பு 2017 ஜனவரி 1-இலேயே வந்துவிட்டது. புதுப் பலன் 2021 ஜனவரி 1-இல்தான் வந்தது. நடுவில் நான்கு வருட இடைவெளி. கூச்சல் எழுந்த பிறகு 2019, 2020-க்கு மட்டும் இடைக்கால ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள்.

வந்த பலனாவது சரியாக வந்ததா? இங்கேதான் ஒரே ஒரு சொல்லின் பிரச்சனை: "நாள்". மருந்து ஏற்றும் நாளுக்குப் பணம் என்கிறது சட்டம். எது மருந்து ஏற்றும் நாள்? திறன் பெற்ற ஊழியர் நோயாளியின் வீட்டில் சேவை அளிக்கும் நாள். மெடிகேரை நடத்தும் சி.எம்.எஸ். இதை, ஊழியர் நேரில் வீட்டுக்கு வந்து நிற்கும் நாள் என்று எடுத்துக்கொண்டது. மில்ரினோன் வாரம் ஏழு நாளும் ஓடுகிறது, நர்ஸ் வருவது ஒரு நாள். ஆக ஒரு நாளுக்குக் காசு. மீதி ஆறு நாள் பம்ப் ஓடும், ஃபார்மசிஸ்ட் வேலை செய்வார், போன் அடித்தால் எடுப்பார்; மெடிகேரின் கேலண்டரில் மட்டும் அந்த நாட்கள் இல்லை.

சட்டத்தை முன்னின்று எழுதிய செனட்டர்கள் ஜானி ஐசாக்சனும் மார்க் வார்னரும், நாங்கள் நினைத்தது இது இல்லை என்றார்கள். சி.எம்.எஸ். தரப்பையும் சொல்லிவிடுகிறேன்: சட்ட வாசகத்தில் "வீட்டில்" என்று இருக்கிறது, அதை அவர்கள் கற்பனை செய்யவில்லை. வாசகம் அப்படி இருக்க, எழுதியவரின் மனசில் என்ன இருந்தது என்று பார்த்து அரசு அலுவலகம் பணம் கொடுக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் விளைவைப் பாருங்கள். ஆறு கோடிப் பேருக்கு மேல் இருக்கிற திட்டத்தில், இந்தப் பலனைப் பயன்படுத்துவோர் ஒரு காலாண்டுக்குச் சில ஆயிரத்தைக் கூட எட்டவில்லை.

திருத்தம் கேட்டு மசோதா வந்தது, ஒரு தடவை இல்லை, பல தடவை. ஜனநாயகக் கட்சி வார்னரும் குடியரசுக் கட்சி டிம் ஸ்காட்டும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். இரண்டு கட்சியும் ஒத்துப்போகும் அபூர்வமான விஷயம். நர்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் மருந்து ஏறுகிற ஒவ்வொரு நாளுக்கும் பணம் என்பதுதான் அதன் மையம். 2021-லும் வந்தது, 2023-லும் வந்தது, சட்டமாகவில்லை.

ஏன்? எதிரிகள் என்று பெரிதாக யாரும் இல்லை. கணக்குதான் எதிரி. புதுப் பலன் என்றால் முதல் வருடத்திலிருந்தே செலவு என்று எழுதப்படும். மிச்சமாகும் என்று சொல்கிற காசு பார்ட் ஏ-யில், நர்சிங் ஃபெசிலிட்டிக் கட்டில்களில் இருக்கிறது. அந்தக் கட்டில்களில் எத்தனை பேர் சொட்டு மருந்துக்காக மட்டும் இருக்கிறார்கள், எத்தனை பேருக்கு வேறு காரணமும் இருக்கிறது என்று பிரிப்பது கஷ்டம். அதோடு, இப்போது குடும்பம் கைக்காசு போட்டுச் சமாளிப்பவர்களும் மாத்திரையிலேயே ஓட்டுபவர்களும் பலன் வந்ததும் உள்ளே வருவார்கள். அவர்கள் விஷயத்தில் அது மிச்சமில்லை, புதுச் செலவு. பார்ட் டி கம்பெனிகளுக்கோ பார்ட் ஏ-யில் மிச்சமாவதால் ஒரு பைசா லாபம் இல்லை, அதனால் அவர்கள் ஏன் அக்கறைப்பட வேண்டும்?

பயம் இன்னொன்றும் உண்டு, மோசடி. யாரும் வீட்டுக்கே போகாமல் ஒவ்வொரு நாளுக்கும் பில் போடலாம் என்றால், போடாத மருந்துக்கும் பில் வரும். வீட்டில் வைக்கும் உபகரணங்கள் விஷயத்தில் மெடிகேர் பட்ட அடி கொஞ்சநஞ்சம் இல்லை, அதனால் இந்தப் பயத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஆனால் இங்கே சரிபார்க்க வழி இருக்கிறது. எத்தனை டோஸ் கலந்து அனுப்பினார்கள், வாராந்திர ரத்தப் பரிசோதனை நடந்ததா, டாக்டரின் உத்தரவில் எத்தனை நாள் இருக்கிறது, மூன்றையும் ஒப்பிட்டாலே பெரும்பாலான பொய் மாட்டும். நர்ஸ் வாசலில் நின்றார் என்பதை விட இது உறுதியான சான்று.

முடியாத காரியம் இல்லை என்பதற்கு உதாரணம் மெடிகேருக்குள்ளேயே இருக்கிறது. பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வீட்டில் ஏற்றும் இம்யூனோகுளோபுலினுக்கு, 2003 சட்டத்தின்படி மருந்துக் காசு மட்டும் கிடைத்தது. அதே கோளாறு. பத்து வருடம் கழித்து நர்ஸுக்கும் பொருட்களுக்கும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்று 4,000 பேர் வரம்போடு ஒரு சோதனைத் திட்டம் 2014-இல் தொடங்கியது. 2024 ஜனவரி 1 முதல் அது நிரந்தரப் பலன். அதைவிட வேடிக்கை, கொரோனா காலத்தில் 2020 நவம்பரில் வந்த சலுகையின்படி, ஆஸ்பத்திரியே நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்தால் உள்நோயாளிக்கான கட்டணத்தை மெடிகேர் அப்படியே தருகிறது. வீட்டில் ஐ.வி. போடுவது பாதுகாப்பில்லை என்ற வாதம் அதோடு முடிந்தது.

என் கருத்து: "நாள்" என்ற சொல்லை மட்டும் திருத்தினால் மில்ரினோன்காரர் பிழைத்துக்கொள்வார், வாங்கோமைசின்காரர் கதவுக்கு வெளியேதான் நிற்பார், ஏனென்றால் அவருடைய மருந்து பம்ப் பட்டியலிலேயே இல்லை. "நீடித்து உழைக்கும்" என்ற சொல்லும் போக வேண்டும். பம்ப் மூன்று வருடம் உழைக்குமா என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்த மருந்தை இவருக்கு வீட்டில் பாதுகாப்பாக ஏற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். எல்லா மருந்துக்கும் ஒரே நாளில் திறக்கத் தயக்கம் என்றால் ஆன்டிபயாட்டிக்கிலிருந்து தொடங்கலாம். ஆறு வாரத்தில் முடிந்துவிடுகிற செலவு அது, ஓர் ஆயுள் முழுக்க ஓடுவதில்லை. அதேநேரம் வீட்டில் தனியாக இருக்கும் 80 வயதுக்காரரை, நர்சிங் ஃபெசிலிட்டி வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு, வேண்டும் என்று சொல்லும் உரிமையையும் விட்டுவைக்கணும். வீட்டுக்கு அனுப்புவது மலிவு என்று தெரிந்துவிட்டால் எல்லாரையும் வீட்டுக்குத் தள்ளுகிற ஆபத்தும் வரும். மருந்தை இணைக்கப் போவது பெரும்பாலும் மனைவியோ மகளோதான், அவர்களுடைய நேரத்துக்கு எந்தப் பார்ட்டிலும் காசு இல்லை.

மெயில் போட்டவர்களுக்கு நடைமுறையில் சில விஷயம். பெற்றோர் பார்ட் சி, அதாவது மெடிகேர் அட்வான்டேஜில் இருந்தால், மேலே சொன்ன கதவடைப்பு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். சில திட்டங்கள் தனியார் மாதிரியே மொத்தமாகத் தருகின்றன. திட்டத்தின் போன் நம்பரில் அழைத்து "ஹோம் இன்ஃப்யூஷன் பார்ட் சி-யில் சேர்ந்து வருமா, பார்ட் டி-யில் தனியாக வருமா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் பார்க்கிற கேஸ் மேனேஜரிடம், அனுப்பப் போகிற நாளன்று இல்லாமல், பிக் லைன் போடப் போகிறோம் என்று சொன்ன அன்றே பேசுங்கள். மருந்தின் பெயர், நாளுக்கு எத்தனை தடவை, எத்தனை வாரம், இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். நாளுக்கு ஒரு தடவை போடுகிற மாற்று மருந்து இந்தக் கிருமிக்கு ஒத்துவருமா என்றும் டாக்டரிடம் கேட்கலாம், அது தப்பான கேள்வி இல்லை. மூன்று நாள் கணக்கில் கவனம்: ஆஸ்பத்திரியில் "அப்சர்வேஷன்" என்று வைத்திருக்கும் நாட்கள் பார்ட் ஏ-யின் உள்நோயாளிக் கணக்கில் சேராது, கட்டில் அதே கட்டிலாக இருந்தாலும். எந்தக் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.